புரிசைக் கூத்து: மனசுல நின்ன ஒரு ராத்திரி இருந்தா எழுதுங்க

களரி ஓரம்:
புரிசை கிராமத்துத் தெருக்கூத்துக் குழுவான தம்பிரான் ஜமாவைப் பத்தி இங்க யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. அஞ்சு தலைமுறை. நேரா அந்த ராத்திரிக்கே வர்றேன்.

திரௌபதி அம்மன் திருவிழா, துகில் உரியிற அன்னைக்கு. அதுவரைக்கும் துச்சாதனன் வேஷக்காரர் கூத்து ஆடுற களரியையே அதிர வெச்சுட்டிருந்தார். புடவையில கை வைக்கிற இடம் வந்ததும் மேளம் நின்னுது. கற்பூரம் ஏத்தினாங்க. திரௌபதி வேஷக்காரர் காலடியில அவர் விழுந்து கும்பிட்டார். எழுந்தப்போ கண்ணீர்ல அரிதாரம் கோடு கோடா கரைஞ்சிருந்துது. "தாயே, வேஷத்துக்குத்தான் தொடுறேன்"னு முணுமுணுத்தது முன்னால உட்கார்ந்திருந்த எனக்குக் கேட்டுது. அப்புறம்தான் முந்தானையைப் பிடிச்சார். கை நடுங்கிச்சு. அது நடிப்பா, பயமா? இருபது வருஷமா கேட்டுக்கிட்டிருக்கேன்.

வடக்கத்திப் பாணி:
நடிப்பு, பயம்னு ரெண்டாப் பிரிச்சதே தப்புங்க. கூத்துல ரெண்டும் ஒண்ணுதான். அதோட, அஞ்சு தலைமுறைன்னு ஒரு வார்த்தையில தாண்டிட்டீங்களே! அந்த ஜமாவோட நடேச தம்பிரான் ஆடினதைப் பார்த்துத்தான் நாடக ஆசிரியர் ந. முத்துசாமி கூத்துப் பக்கமே திரும்பினார். 1977ல அவரோட நாடகக் குழுவான கூத்துப்பட்டறை வந்துது. அங்க இருந்த நடிகர்களுக்கு ஆட்ட அடவும் பாட்டும் சொல்லிக் கொடுத்தவர் அதே ஜமாவோட கண்ணப்ப தம்பிரான். 2003ல அவர் காலமான பிறகும் மகன் கண்ணப்ப சம்பந்தன் ஜமாவை விடாம நடத்துறார். இதையெல்லாம் சொல்லாம கூத்தைப் பேசலாமா?

நான் பார்த்தது நகரத்து அரங்குல, ஒன்றரை மணி நேரத்துக்குச் சுருக்கினது. கற்பூரம் ஏத்தவே இல்லை. அந்தக் குறை இன்னும் உறுத்துது.

புதுசாப் போறவங்களுக்கு: கூத்தைத் தொடங்கி வைக்கிற கோமாளியான கட்டியங்காரன் வர்றதுக்கு முன்னாடியே போய் உட்காருங்க. மேளக்காரங்க பக்கம் இடம் பிடிங்க, வேஷக்காரர் பாட்டைக் கூடவே வாங்கிப் பாடுற பின்பாட்டு அங்கதான் தெளிவாக் கேக்கும். பகல்ல பாரதப் பிரசங்கம் நடந்தா அதையும் கேளுங்க, ராத்திரி கதை தானாப் புரியும். திரைக்குப் பின்னால வேஷக்காரர் பாடுறப்போ கிரீடத்தோட நுனிதான் தெரியும். அந்த நேரத்துல போன் வெளிச்சம் அடிக்காதீங்க, தயவுசெஞ்சு. பாதியில எழுந்தும் போகாதீங்க. விடியக்காலையில குரல் கம்மினதுக்கு அப்புறம் பாடுற பாட்டுதான் பாட்டு.

முகவீணை:
யோசனை இருக்கட்டும் அண்ணா, களரி ஓரத்துக்காரர் கேட்டதுக்கு வர்றேன்.

எனக்கு அப்போ எட்டு வயசு. அதே துகில் கட்டம்தான். மேளம் நின்னதுமே பாட்டி என் முகத்தைத் தன் மடியோட அழுத்திக்கிட்டாங்க. "பாக்காதடி, ஆத்தா அவமானப்படுற நேரம்." பாட்டி வயிறு குலுங்கிக் குலுங்கி அழுதது என் கன்னத்துல தெரிஞ்சுது. கற்பூர வாசனை வந்துது. கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம் முகவீணைங்கற ஊதுகுழல் மட்டும் தனியா ஆரம்பிச்சுது.

அதுக்கப்புறம் எத்தனையோ கூத்து பார்த்துட்டேன். அந்த இடம் வந்தா இப்பவும் தலை தானாக் குனிஞ்சுடுது. அந்தக் கை நடுங்கும்ங்கறதே களரி ஓரத்துக்காரர் பதிவைப் படிச்சுத்தான் எனக்குத் தெரியும்.