பெரிய கோயில் படம்: வானத்தை மட்டும் குறைத்தால் விமானத்தைச் சுற்றி வெள்ளை ஒளி வருகிறது, உடனே உதவி தேவை

அந்திவண்ணன் (மாலை 6.10)
வணக்கம். தஞ்சைப் பெரிய கோயிலை அந்தியில் எடுத்த படமொன்றில் வானம் மிகவும் வெளிறியிருந்ததால், அதை மட்டும் தேர்ந்தெடுத்து அதன் வெளிச்சத்தை ஒன்றரை ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் பாதி) குறைத்தேன். வானம் நன்றாகவே வந்துவிட்டது. ஆனால் கருவறைக் கோபுரமான விமானத்தின் ஓரம் நெடுகிலும் வெள்ளை ஒளி படர்ந்து, கத்தரித்து ஒட்டிய படத்தைப் போலத் தெரிகிறது. போதாததற்குக் கலசமும் கறுத்துவிட்டது. நாளைக் காலை அச்சுக்குக் கொடுக்க வேண்டும். என்ன செய்வது?

பிக்சல்பித்தன் (6.22)
எந்த மென்பொருள், கோப்பு கேமரா பதிந்தபடியே உள்ள ராவா, சுருக்கிய ஜேபெக்கா, வானத்தை எதைக் கொண்டு தேர்ந்தெடுத்தீர்கள் என்று எதுவுமே சொல்லவில்லையே? ஓரத்தை நூறு விழுக்காட்டுக்குப் பெரிதாக்கி ஒரு துண்டையாவது இணையுங்கள்.

லென்ஸ்மோகன் (6.31)
இது லென்ஸின் நிறப்பிறழ்ச்சி என்பதில் எனக்கு ஐயமே இல்லை. முதலில் லென்ஸ் திருத்தத்தை இயக்கிவிட்டு, பிறகு மற்றவற்றைப் பாருங்கள்.

பிக்சல்பித்தன் (6.37)
நிறப்பிறழ்ச்சி என்றால் ஊதாவோ பச்சையோ கலந்த மெல்லிய கோடு தெரியும். அவர் சொல்வது வெள்ளையாகப் படர்ந்த ஒளி. எல்லா நோய்க்கும் லென்ஸையே குற்றவாளியாக்காதீர்கள், மோகன்.

கறார்கண்ணாடி (6.50)
இதே கேள்விக்கு நானே பலமுறை விடை எழுதியிருக்கிறேன். தேடிப் பார்க்கும் பொறுமை இல்லாதவர்களுக்கு மாஸ்க் (மாற்றம் எந்தப் பகுதியில் மட்டும் விழ வேண்டும் என்று குறிக்கும் மறைப்பு) வரையும் பொறுமை எங்கிருந்து வரும்? கையேட்டில் மாஸ்க் பற்றிய பகுதியை ஒருமுறை முழுமையாகப் படித்துவிட்டு வாருங்கள்.

அந்திவண்ணன் (7.15)
மன்னிக்கவும், மென்பொருள் டார்க்டேபிள். ராவ்தான். வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் எக்ஸ்போஷர் மாட்யூலில், வெளிச்ச அளவை வைத்துப் பகுதியைத் தேர்ந்தெடுக்கும் பாராமெட்ரிக் மாஸ்க் போட்டேன். ஓரம் மென்மையாக இருக்கட்டும் என்று மாஸ்க்கைக் கலங்கலாக்கும் பிளரும் கொஞ்சம் வைத்திருக்கிறேன்.

காவிரிக்கரையான் (7.40)
அந்தக் ‘கொஞ்சம்’ எவ்வளவு என்பதில்தான் விடை இருக்கிறது என்று நினைக்கிறேன். பிளர்ரிங் ரேடியஸ், படத்தில் ஓரம் எங்கே இருக்கிறது என்பதைப் பார்ப்பதே இல்லை. மாஸ்க்கை எல்லாத் திசையிலும் ஒரே மாதிரி கரைத்துவிடுகிறது. அதனால் விமானத்தை ஒட்டிய வானத்தில் மாஸ்க் பாதி வலுவோடுதான் வேலை செய்யும். அந்தப் பட்டை மட்டும் முன்பிருந்த வெளிச்சத்திலேயே தங்கிவிடும். நீங்கள் காணும் வெள்ளை ஒளி புதிதாக வந்ததன்று, குறைக்கப்படாமல் மிஞ்சிய பழைய வானம்தான். மாஸ்க்கைக் காட்டும் பொத்தானை அழுத்தினால், தேர்வான பகுதியின்மேல் மஞ்சள் பூச்சு விழும். கல்லை நெருங்க நெருங்க அந்த மஞ்சள் வெளிறுவதைக் கண்ணாலேயே பார்க்கலாம்.

பிளரைச் சுழியமாக்கிவிட்டு, ஃபெதரிங் ரேடியஸைச் சிறிது சிறிதாக ஏற்றுங்கள். அது படத்திலுள்ள ஓரத்தை வழிகாட்டியாகக் கொண்டு மாஸ்க்கின் எல்லையை அங்கே இழுத்துச் சேர்க்கும். அதன் பிறகும் மயிரிழைக் கோடு மிஞ்சினால், கல்லும் வானமும் கலந்த ஓரப் பிக்சல்கள் உங்கள் தேர்வு வரம்புக்கு வெளியே நிற்கின்றன என்று பொருள். மாஸ்க்கின் ஸ்லைடரில், முழுமையாகத் தேர்வாகும் வரம்பைக் காட்டும் நிரப்பப்பட்ட முக்கோணங்களை அசைக்காமல், தேர்வு முற்றும் தேயும் இடத்தைக் காட்டும் வெற்று முக்கோணங்களை மட்டும் சற்று விலக்குங்கள்.

கலசம் கறுத்தது வேறு காரணத்தால். விளக்கொளி பட்ட கலசமும் வானமும் ஏறக்குறைய ஒரே வெளிச்சத்தில் இருப்பதால், வெளிச்சத்தை மட்டும் வைத்துத் தேர்ந்தெடுக்கும் மாஸ்க்குக்கு இரண்டும் ஒன்றே. வரைதலும் பாராமெட்ரிக்கும் சேர்ந்த வகைக்கு மாறி, கலசத்தைச் சுற்றி ஒரு பாத் (மூடிய கோடு) வரைந்து, கூட்டல் கழித்தல் குறியால் அதைத் தலைகீழாக்கினால், கலசம் விலக்கப்பட்டுவிடும்.

நிழல்நேசன் (8.05)
வானத்தைக் குறைப்பதே தவறான வழி என்பேன். மேகத்தின் வெளிச்சம் சென்சாரிலேயே நிரம்பி வழிந்திருந்தால், எந்த மாஸ்க்கும் அதை மீட்காது. சாம்பல் பூசியதுபோல்தான் ஆகும். வானத்தின் வெளிச்சத்துக்கு அளந்து எடுத்துவிட்டு, பிறகு கோபுரத்தை உயர்த்துவதே முறை.

பிக்சல்பித்தன் (8.14)
அவர் படத்தை ஏற்கெனவே எடுத்துவிட்டார், நேசன். மேலும், இருட்டில் கிடக்கும் கருங்கல்லை இரண்டு ஸ்டாப் உயர்த்தினால் புள்ளிப் புள்ளியான குருணையும் அதோடு சேர்ந்து மேலே வருமே? கேமராவின் ஒளியுணர்வைக் குறிக்கும் ஐஎஸ்ஓ எவ்வளவு என்பதையும் அவர் சொல்லவில்லை.

நிழல்நேசன் (8.21)
முக்காலியில் வைத்து வெவ்வேறு வெளிச்ச அளவில் மூன்று படம் எடுத்து இணைத்திருந்தால் குருணையும் இல்லை, மாஸ்க்கும் தேவையில்லை.

காவிரிக்கரையான் (8.30)
தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள கோயிலுக்குள் முன் அனுமதியின்றி முக்காலியை எப்படி வைப்பது? கையில் பிடித்து எடுத்தாலும், பிரகாரத்தில் நடமாடுபவர்கள் மூன்று படத்திலும் மூன்று இடத்தில் நிற்பார்கள்.

நிழல்நேசன் (8.36)
அனுமதி வாங்கி எடுத்தவர்களும் இருக்கிறார்கள்.

கறார்கண்ணாடி (8.52)
ஃபெதரிங் ரேடியஸைப் பற்றி நான் முன்பே எழுதியதைத்தான் காவிரிக்கரையான் நீட்டி எழுதியிருக்கிறார். சிறு பகுதிகளின் ஒளி வேறுபாட்டைக் கூட்டும் லோக்கல் கான்ட்ராஸ்ட்டை அதிகமாக ஏற்றியிருந்தாலும் இதே போன்ற ஒளிவட்டம் வரும் என்பதை மட்டும் விட்டுவிட்டார்.

காவிரிக்கரையான் (8.58)
அதை ஒப்புக்கொள்கிறேன். எக்ஸ்போஷர் மாட்யூலை மட்டும் அணைத்துப் பாருங்கள், அந்திவண்ணன். ஒளி அப்போதும் இருந்தால் கறார்கண்ணாடி சொன்னதே காரணம்.

அந்திவண்ணன் (மறுநாள் காலை 9.25)
பிளர் 40 இருந்தது. சுழியமாக்கினேன், ஒளி போய்விட்டது. கலசத்துக்குப் பாத் வரைந்தேன், பரவாயில்லை. கடைக்குக் கிளம்புகிறேன். அனைவருக்கும் நன்றி.

பிக்சல்பித்தன் (9.40)
மகிழ்ச்சி. ஃபெதரிங்கை எந்த அளவில் நிறுத்தினீர்கள் என்பதையும், முடிந்தால் இறுதிப் படத்தையும் இங்கே இடுங்கள்.

லென்ஸ்மோகன் (நான்கு நாள் கழித்து)
லென்ஸ் திருத்தத்தை இயக்கிப் பார்த்தீர்களா, இல்லையா?