ஸ்லோ குக்கர் ரிப்ஸ்: இடுக்கியில் எலும்பு மட்டும் வந்தது

ஓவர்லேண்ட் பார்க் வாசி

இரண்டு வருடம் ஆகிறது, இன்னும் மனதை விட்டுப் போகவில்லை. உங்களுக்கும் இப்படி நடந்திருந்தால் எழுதுங்கள்.

கேன்சஸ் சிட்டி பக்கம் இருக்கிறோம். எங்கள் அப்பார்ட்மெண்ட் பால்கனியில் கரி அடுப்புக்கு அனுமதி கிடையாது, அதனால் மெல்லிய சூட்டில் மணிக்கணக்கில் வேகவைக்கும் மின் பாத்திரமான ஸ்லோ குக்கர். பேபி பேக் என்னும் பன்றி விலா இரண்டு ரேக் (வெட்டாத விலா வரிசை), ஒரு பாட்டில் பார்பிக்யூ சாஸ், கறி மூழ்கும்வரை தண்ணீர். லோவில், அதாவது குறைந்த சூட்டில், வைத்துவிட்டுத் தூங்கிவிட்டேன். மறுநாள் மதியம் எதிர் வீட்டுப் பெரியவர் சாப்பிட வந்தார். என் மகனுக்கு சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொடுத்தவர் அவர்தான். பார்பிக்யூ போட்டிகளுக்கு நடுவராகப் போகிறவர் என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

மூடியைத் திறந்து இடுக்கியால் தூக்கினேன். எலும்பு மட்டும் வந்தது. வெள்ளை வெளேரென்று, கழுவி வைத்ததுபோல. கறி முழுக்கப் பழுப்புத் தண்ணீருக்குள் நழுவிப் போய்விட்டது. அவர் எனக்குப் பின்னால் தட்டை ஏந்தியபடி நின்றுகொண்டிருந்தார்.

ஒரு குறையும் சொல்லவில்லை. கரண்டியால் அள்ளிப் போடச் சொல்லி, பன்னில் வைத்துச் சாப்பிட்டார். நான் கேட்ட பிறகுதான் சொன்னார். கேன்சஸ் சிட்டி பார்பிக்யூ சொசைட்டி போட்டிகளில் விலாவைக் கடித்தால், கடித்த இடத்துக் கறி மட்டும் சுத்தமாக வரவேண்டுமாம், மிச்சம் எலும்பிலேயே நிற்க வேண்டுமாம். தொட்டதும் கழன்று விழுந்தால் அது அதிகம் வெந்தது என்று மதிப்பெண் குறையும். போகும்போது வாசலில் நின்று, "அடுத்த தடவை தண்ணீர் ஊற்றாதே. அது தன் சாற்றிலேயே வேகும்" என்றார்.

அந்த வெள்ளை எலும்பும், பின்னால் அவர் நின்ற நிலையும் அடிக்கடி கண்முன் வருகின்றன.

மதுரை டு டாலஸ்

அந்தப் பெரியவர் மேல் மரியாதை உண்டு. ஆனால் போட்டிக்கு வைத்த விதியை வீட்டுக்குள் கொண்டுவருவதை நான் ஏற்கமாட்டேன். கழன்று விழும் கறியால்தான் எனக்கு ஒரு நல்ல நாள் கிடைத்தது.

போன வருடம் அப்பா ஆறு மாதம் இங்கே வந்து தங்கினார். மேல்வரிசை முழுக்கக் கட்டிய பல். ஊரில் இருந்தபோது ஞாயிற்றுக்கிழமை வெண்பன்றிக் கறி வாங்கி வந்து அவரே வெட்டி, மிளகு போட்டு வறுப்பார். பல் போன பிறகு கறியையே விட்டுவிட்டார். இங்கே வெறும் ரசம் சாதத்திலேயே நாளை ஓட்டிக்கொண்டிருந்தார்.

நான் எட்டரை மணி நேரம் லோவில் வைத்தேன். முதல் துண்டை எடுத்து, "நெஞ்செலும்பு மாதிரி இருக்குடா" என்றார். அப்புறம் பேசவே இல்லை. சாப்பிட்டு முடித்த எலும்புகளைத் தட்டின் ஓரத்தில் ஒன்றன் பக்கத்தில் ஒன்றாக அடுக்கிவைத்தார். தாத்தா இப்படித்தான் அடுக்குவார். ஏழு எலும்பு. நான் எண்ணினேன்.

அப்பா இப்போது இல்லை. கடித்தால் தடம் தெரிய வேண்டும் என்று யாராவது சொல்லும்போது எனக்கு அந்த ஏழு எலும்பு ஞாபகம் வருகிறது. யார் சாப்பிடப் போகிறார்கள் என்று பார்த்து வேகவையுங்கள்.

இரண்டாம் மாடி

சவ்வைப் பற்றி யாருமே சொல்லவில்லையே? விலாவின் உள்பக்கம், எலும்பை ஒட்டி வெள்ளையாகப் பளபளவென்று ஒரு சவ்வு இருக்கும். எவ்வளவு நேரம் வைத்தாலும் அது வேகாது. நான் உரிக்காமல் சமைத்து ஆளுக்கொரு உணவு கொண்டுவரும் ஆபீஸ் பாட்லக்குக்கு எடுத்துப் போனேன். எங்கள் டீமில் புதிதாகச் சேர்ந்த பெண் ஒரு துண்டை வாயில் போட்டு மென்றுகொண்டே இருந்தார். துப்பவும் முடியவில்லை, விழுங்கவும் முடியவில்லை. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. நான் எதிரில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அதை உரிப்பது இரண்டு நிமிட வேலை.

ஹூஸ்டன் இரவுப்பணி

எனக்கு நடந்தது வேறு. காலை ஆறு மணிக்கு ஸ்லோ குக்கரில் இரண்டு ரேக் வைத்துவிட்டு மருத்துவமனைக்குப் போனேன், அன்று பகல் பணி. சாயங்காலம் மகளின் பிறந்தநாளுக்குப் பத்துப் பேர் வருகிறார்கள். மதியம் பெரிய இடிமழை.

ஏழரைக்குக் கதவைத் திறந்தபோது வீடெல்லாம் கறி மணம். பசியோடு சமையலறைக்குப் போனால், மைக்ரோவேவ் கடிகாரம் 12:00, 12:00 என்று மின்னிக்கொண்டிருந்தது. கரண்ட் போய் வந்திருக்கிறது. எப்போது போனது, எவ்வளவு நேரம் இல்லாமல் இருந்தது, ஒன்றும் தெரியாது. என்னுடையது பட்டன் வைத்த குக்கர். கரண்ட் போனால் அணைந்துவிடும், திரும்ப வந்தாலும் தானாக ஓடாது. பாத்திரத்தைத் தொட்டால் வெதுவெதுப்பு. கறி பார்ப்பதற்கு வெந்த மாதிரியே இருந்தது.

வீட்டுக்காரர், "ஓவன்ல சூடு பண்ணிடலாம்" என்றார். நான் இரண்டு ரேக்கையும் பையில் கட்டிக் குப்பையில் போட்டேன். மகள் அழுதாள். வந்தவர்களுக்கு பீட்சா வரவழைத்தோம். செய்தது சரிதான் என்று தெரியும், இருந்தாலும் அந்தப் பையின் கனம் இன்னும் கையில் இருக்கிறது.

இரண்டாம் மாடி

ஹூஸ்டன் அக்கா, தவறாக எடுத்துக்கொள்ளாதீர்கள். வெதுவெதுப்பாக இருந்ததை ஏன் கொட்ட வேண்டும்? ஊரில் காலையில் வைத்த குழம்பை ராத்திரி சாப்பிட்டு வளர்ந்தவர்கள்தானே நாம்?

ஹூஸ்டன் இரவுப்பணி

தம்பி, ஊரில் மீனோ கறியோ புளி ஊற்றி வைத்த குழம்பை மதியம் ஒருமுறை, ராத்திரி ஒருமுறை தளதளவென்று கொதிக்கவைத்துச் சுண்டவிடுவார்கள். யாராவது பக்கத்தில் இருந்து பார்த்துக்கொண்டே இருப்பார்கள். இங்கே ஆளில்லாத வீட்டில் வெந்தும் வேகாத கறி மணிக்கணக்கில் வெதுவெதுப்பாகக் கிடந்திருக்கிறது. 40 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்கும் 140-க்கும் நடுவில்தான் கிருமி வேகமாகப் பெருகும். சில கிருமிகள் கறியில் விட்டுப்போகும் நஞ்சு மறுபடி சூடாக்கினாலும் அழியாது. நீங்கள் வீட்டில் இல்லாதபோது கரண்ட் போயிருந்தால், வெந்ததுபோல் தெரிந்தாலும் கொட்டிவிடச் சொல்கிறது அமெரிக்க விவசாயத் துறை. வார்டில் உணவு நஞ்சோடு வரும் குழந்தைகளைப் பார்க்கிறவள் நான். பத்துக் குழந்தைகளுக்கு அதைப் பரிமாற என்னால் முடியாது.

செயின்ட் லூயிஸ் சமையல்

என் கதை சின்னது. முதல் தடவை ஃப்ரிட்ஜில் வைத்திருந்த பீங்கான் பாத்திரத்தை அப்படியே எடுத்து ஹையில் வைத்தேன். ஒரு மணி நேரத்தில் டப் என்று ஒரு சத்தம். அடியில் விரிசல், மேடையெல்லாம் சாஸ். அவ்வளவுதான்.

ஆனால் முதல் பதிவு எழுதிய தோழிக்குக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்லத் தோன்றுகிறது, ஏனென்றால் பலரும் இதே இடத்தில்தான் தவறுகிறார்கள். உங்கள் கறியைக் கெடுத்தது தண்ணீரும் நேரமும். குக்கரின் மூடி ஆவியை வெளியே விடாது. கறியிலிருந்து இறங்கும் சாறு அங்கேயே தங்கும். அரை கப் ஆப்பிள் ஜூஸோ, இரண்டு ஸ்பூன் வினிகர் கலந்த தண்ணீரோ இருந்தால் போதும், அதுவும் இல்லாமலே கூட வேகும்.

பன்றிக்கறி 145 டிகிரி ஃபாரன்ஹீட்டிலேயே சாப்பிடத் தகுந்ததாகிவிடும். 2011-இல் விவசாயத் துறை 160-லிருந்து இறக்கியது, மூன்று நிமிடம் ஆறவிட வேண்டும் என்ற நிபந்தனையோடு. ஆனால் விலாவை அந்தச் சூட்டில் கடித்தால் செருப்புத் தோல் மாதிரி இருக்கும். எலும்பைச் சுற்றியிருக்கும் கொலாஜன் உருகி ஜெலட்டினாக மாற வேண்டும். ஆட்டுக்கால் சூப் ஆறினதும் கெட்டியாகிறதே, அதே பொருள்தான். 195 முதல் 203 டிகிரிக்குள் அது நன்றாக நடந்து முடிந்துவிடும். அதற்கு மேலும் மணிக்கணக்கில் விட்டால் பிடிமானமே இல்லாமல் போகும், உங்கள் இடுக்கியில் நடந்ததுபோல.

லோ, ஹை இரண்டும் கடைசியில் ஏறத்தாழ ஒரே சூட்டைத்தான் தொடும், 209 டிகிரி வாக்கில். எவ்வளவு சீக்கிரம் அங்கே போய்ச் சேர்கிறது என்பதுதான் வித்தியாசம். பேபி பேக் லோவில் ஆறு மணி நேரம், செயின்ட் லூயிஸ் கட் ஏழு. பேபி பேக் முதுகெலும்பை ஒட்டிய சிறிய விலா. மற்றது அதற்குக் கீழே வயிற்றுப் பக்கம் வரும் ஸ்பேர் ரிப்ஸ். அதில் குருத்தெலும்புப் பகுதியை நறுக்கி நீளச் சதுரமாக்கினால் எங்கள் ஊர்ப் பெயர். கொழுப்பு அதிகம், நேரம் தாங்கும், எனக்கு அதுதான் பிடிக்கும்.

ரேக்கை இரண்டாக வெட்டி, பாத்திரத்தின் சுவரை ஒட்டிச் சுற்றி நிற்கவையுங்கள், கறிப்பக்கம் சுவரைப் பார்த்து. படுக்கவைத்தால் அடியில் இருப்பது அவியும். உப்பு, மிளகு, பாப்ரிகா, பழுப்புச் சர்க்கரை, கடுகுத்தூள் தடவி முந்தின ராத்திரியே ஃப்ரிட்ஜில் வைத்துவிடுங்கள், ஆனால் பீங்கான் பாத்திரத்தில் வைக்காதீர்கள். உறைந்த கறியை நேராகப் போடாதீர்கள், சூடு ஏறவே நேரமாகும். நடுவில் மூடியைத் திறந்தால் ஒவ்வொரு தடவைக்கும் அரைமணி கூடும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சாஸ் கடைசியில். கேன்சஸ் சிட்டி சாஸில் வெல்லப்பாகு போன்ற மொலாசஸ் நிறைய. ஆறு மணி நேரம் சாற்றோடு கிடந்தால் நீர்த்து, ருசி மங்கிப்போகும். வெந்த விலாவை அகலமான கரண்டியால் தாங்கி ட்ரேயில் வைத்து, சாஸ் தடவி, ஓவனில் மேலிருந்து சூடு தரும் ப்ராய்லருக்குக் கீழே மூன்று நான்கு நிமிடம். பக்கத்திலேயே நில்லுங்கள், சர்க்கரை நொடியில் கருகும்.

இன்னொன்று. நீங்கள் இருக்கும் ஊர்தான் ஸ்லோ குக்கருக்கும் ஊர். இர்விங் நாக்சன் என்பவர் 1940-இல் காப்புரிமை பெற்ற, பீன்ஸ் வேகவைக்கும் மின் பாத்திரத்தைக் கேன்சஸ் சிட்டியின் ரைவல் கம்பெனி 1970-இல் வாங்கி, மறுவருடம் கிராக்பாட் என்று விற்றது. லிதுவேனியாவில் யூதப் பெண்கள் ஓய்வுநாளுக்கு முந்தின சாயங்காலம் பேக்கரி அடுப்பின் தணிந்த சூட்டில் பானையை விட்டுவைப்பார்களாம். அம்மா சொன்ன அந்தக் கதையிலிருந்துதான் நாக்சனுக்கு இந்த யோசனை வந்தது. கரி அடுப்பு இல்லையே என்று அந்த ஊரில் இருந்துகொண்டு நீங்கள் வருந்தவே வேண்டாம்.

ஸ்காபரோ

புகை மணம் வேண்டும் என்று நான் லிக்விட் ஸ்மோக் போத்தலை வாங்கினேன். மரம் எரியும் புகையைக் குளிரவைத்து எடுத்த தண்ணீர் அது. கால் தேக்கரண்டி போதும் என்று தெரியாது. இரண்டு மேசைக்கரண்டி ஊற்றிவிட்டு மூடினேன். பண்டி இறைச்சி வேக வேக, வீடு முழுக்க அந்த மணம் பரவியது.

அம்மா மேல் அறையில் நித்திரை. திடீரென்று படியால் இறங்கி வந்தா. கையில் தன் மருந்துப் பையும், பாஸ்போர்ட் வைத்திருக்கும் சிறு பெட்டியும். "எங்க எரியுது?" என்று மட்டும் கேட்டா. ஒன்றும் இல்லை, சமையல் என்று குக்கரைக் காட்டினேன். பெட்டியைக் கீழே வைக்கவில்லை. வெளியே உறைபனி. எல்லா யன்னலையும் திறந்து, குக்கரை கராஜுக்குக் கொண்டுபோய் வைத்தேன். அம்மா கதிரையில் பெட்டியோடு இருந்தா, மணம் போகும்வரை.

எங்கள் வீடு 1990-இல் எரிந்தது. அந்தப் போத்தலை நான் திரும்ப வாங்கவில்லை.

செயின்ட் லூயிஸ் சமையல்

ஸ்காபரோ சகோதரி, படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் எதுவும் எழுதத் தோன்றவில்லை. புகையே இல்லாமல் நல்ல விலா வரும். சீரகத்தை வறுத்துப் பொடித்துத் தடவலில் சேருங்கள், போதும்.

பீன்ஸ் வீடு

ரிப்ஸ் முடிந்த பிறகு மிஞ்சும் சாற்றைக் கொட்டாதீர்கள் என்று எழுத வந்தேன், கூடவே ஒரு எச்சரிக்கை. அந்தச் சாற்றில் ஊறவைத்த ராஜ்மாவைப் பச்சையாகவே போட்டு லோவில் வைத்தோம். பயறு மெத்தென்றுதான் இருந்தது. மூன்று மணி நேரத்தில் நானும் மனைவியும் மாறி மாறி வாந்தி. அவள் குளியலறைத் தரையில் சுருண்டு கிடந்ததை மறக்க முடியவில்லை, அப்போது ஐந்து மாத கர்ப்பம். சிவப்புப் பயற்றில் ஒரு நஞ்சு இருக்கிறது, ஸ்லோ குக்கர் சூடு அதை அழிக்காது. அடுப்பில் முதலில் நன்றாகக் கொதிக்கவைத்து, அந்தத் தண்ணீரை வடித்த பிறகுதான் உள்ளே போட வேண்டும். குழந்தை நன்றாகப் பிறந்தாள்.

ஓவர்லேண்ட் பார்க் வாசி

எல்லோருக்கும் நன்றி. டாலஸ் அண்ணா, உங்கள் ஏழு எலும்பைப் படித்துவிட்டு அழுதேன். நான் போட்டி விதியைச் சொன்னது உங்கள் அப்பாவுக்கு எதிராக இல்லை.

தண்ணீர் இல்லாமல், சவ்வை உரித்து, ஆறு மணி நேரம் வைத்து நேற்று செய்தேன். மகன் ஒரு துண்டை எடுத்துக் கடித்தான். பல் பட்ட இடம் அரைவட்டமாக அப்படியே நின்றது, மிச்சக் கறி எலும்பிலேயே. எதிர் வீட்டுக் கதவைத் தட்ட ஓடினேன் என்றே சொல்லலாம், பாதியில்தான் ஞாபகம் வந்தது. பெரியவர் வசந்த காலத்திலேயே ஒமாஹாவில் மகள் வீட்டுக்குப் போய்விட்டார். இங்கிருந்து மூன்று மணி நேரம். அடுத்த சனிக்கிழமை கொண்டுபோகலாம் என்று இருக்கிறோம். விலா அவ்வளவு தூரம் தாங்குமா?

செயின்ட் லூயிஸ் சமையல்

தாங்கும். வெள்ளிக்கிழமையே வேகவைத்து, சாஸ் தடவாமல் ஃபாயிலில் சுற்றி ஃப்ரிட்ஜில் குளிரவையுங்கள். ஐஸ் பெட்டியில் எடுத்துப் போங்கள், சாஸ் தனி டப்பாவில். அங்கே போய் ஃபாயிலோடு 300 டிகிரி ஓவனில் உள்ளே நன்றாகச் சூடாகும்வரை வைத்து, பிறகு பிரித்து, சாஸ் தடவி ப்ராய்லர். அவர் முன்னாலேயே செய்யுங்கள். இடுக்கியை மகன் கையில் கொடுங்கள்.