மூலம்தான்னு அவங்களே முடிவு பண்ணிட்டு வர்றாங்க

எண்டோஸ்கோபி நர்ஸ், மதுரை:
மலத்துல ரத்தம்னா உசிலம்பட்டிக்காரரும் மேலூர்க்காரரும் சொல்றது ஒண்ணுதான்: "உடம்புச் சூடு, மூலம்." சுவத்துல 'மூலம், பவுத்திரம்' விளம்பரம் பார்த்து மாசக்கணக்கா களிம்பு தடவிட்டுத்தான் ஸ்கோப்புக்கு (ஆசனவாய் வழியா கேமராக் குழாய் விட்டுப் பெருங்குடலைப் பார்க்கிற கொலனோஸ்கோபி) வர்றாங்க. மூலம் இருக்கிறவருக்கும் மேல பெருங்குடல்ல கட்டி இருக்கலாம்.

ஸ்கோப் பாழாகுறது பெரும்பாலும் வயிறு சுத்தமாகாததால. மூணு நாள் முன்னாடியே கொய்யா, தக்காளி, கீரை, கம்பு நிறுத்தணும். கொய்யா விதை ஸ்கோப்போட உறிஞ்சு குழாயை அடைச்சிடும். ஸ்கோப்புக்கு முதல் நாள் இளநீர், வடிகட்டின எலுமிச்சை ஜூஸ், பாலில்லாத டீ மட்டும். மாதுளை ஜூஸ், ரோஸ்மில்க் வேண்டாம், உள்ளே ரத்தம் மாதிரியே தெரியும். வயித்தைச் சுத்தம் பண்ற 137 கிராம் பவுடர் பாக்கெட்டை 2 லிட்டர் தண்ணியில கரைச்சு, ஒரு லிட்டர் சாயங்காலம், மீதி ஸ்கோப்புக்கு அஞ்சு மணி நேரம் முன்னாடி. கால் மணிக்கு ஒரு டம்ளர். மடமடன்னு குடிச்சா வாந்திதான். "ராத்திரியே முடிச்சிட்டேன் சிஸ்டர்"னு பெருமையா சொல்றவருக்கு, காலையில வலப்பக்கக் குடல்ல பித்தம் பசை மாதிரி படிஞ்சிருக்கும். தட்டையான பாலிப் (குடல் உள்சுவர்ல வளர்ற சின்னச் சதை) அதுக்கடியில ஒளிஞ்சுக்கும். கடைசியா மூத்திரம் மாதிரி மஞ்சத் தண்ணியா போகணும். கலங்கலா போனா மறைக்காம சொல்லுங்க. இரும்புச்சத்து மாத்திரையை ஒரு வாரம் முன்னாடி நிறுத்துங்க; ரத்தம் உறையாம இருக்க போடுற மாத்திரையை டாக்டரைக் கேக்காம நிறுத்தாதீங்க.

லேப் டெக்னீசியன்:
ஃபிட் டெஸ்டுக்கு (மலத்துல கண்ணுக்குத் தெரியாத ரத்தம் இருக்கான்னு பார்க்கிற சோதனை) மலத்தைப் பேப்பர்ல பிடிங்க, டாய்லெட் தண்ணியில இருந்து எடுக்காதீங்க. குச்சியை நாலஞ்சு இடத்துல குத்தினா போதும், குச்சி நுனியில இருக்கிற வரித்தடம் நிறைஞ்சா சரி. அள்ளிட்டு வர்றாங்க, அதுவும் தப்பு. சித்திரை வெயில்ல பைக் பெட்டிக்குள்ள வச்சா ஹீமோகுளோபின் சிதைஞ்சு 'இல்லை'ன்னு தப்பா காட்டும். ஐஸ் வச்ச டிபன் பையில அன்னைக்கே கொடுங்க. முதல் நாள் சுக்கா சாப்பிட்டது பிரச்னையில்லை, இது மனுச ரத்தத்தை மட்டும்தான் பிடிக்கும். மாதவிடாய் நாள்ல எடுக்காதீங்க.

குடல் மருத்துவர்:
ஃபிட் டெஸ்ட் பாசிட்டிவ் (ரத்தம் இருக்கு) வந்ததும் "இன்னொரு தடவை எடுத்துப் பார்ப்போமே"ங்கிறவங்கதான் அதிகம். பாலிப் தினமும் கசியாது. ரெண்டாவது நெகட்டிவ் முதலாவதை அழிக்காது, ஸ்கோப் பண்ணியே ஆகணும். பாலிப் புத்துநோயாக பொதுவா பத்து வருசம் போல ஆகும், அதுக்குள்ள கண்டா ஸ்கோப்பிலேயே கம்பி வளையம் போட்டு எடுத்துடலாம். பரிசோதனையை 45 வயசுல ஆரம்பிக்கலாம். அப்பாவுக்கு 48ல குடல் புத்துநோய் வந்திருந்தா பிள்ளைக்கு 38ல. ஆம்பளைக்கு ஹீமோகுளோபின் குறைஞ்சா டானிக்கோட விடாதீங்க. வலப்பக்கக் கட்டி கண்ணுக்குத் தெரியாமலே கசியும்.

நர்ஸ்:
ஒண்ணு விட்டுப்போச்சு. மயக்க ஊசி போட்டா அன்னைக்கு வண்டி ஓட்டக்கூடாது, கூட ஆள் கூட்டிட்டு வாங்க.