ஷார்ட் ஸ்டாப் கிளவுஸ்: 12 இன்ச்சா, 11.5 போதுமா? வெந்நீரில் முக்கலாமா?

மத்தூர் அப்பா:
எல்லாருக்கும் வணக்கம். என் பொண்ணு பத்தாவது படிக்கிறா, பள்ளி சாப்ட்பால் டீம்ல ஷார்ட் ஸ்டாப், அதாவது ஓடுறவங்க தொடுற ரெண்டாவது, மூணாவது பேஸுக்கு நடுவுல நின்னு பந்தைப் பிடிக்கிற இடம். இதுவரைக்கும் பள்ளிக்கூடத்து கிட்ல இருக்கிற கிளவுஸைத்தான் மாத்தி மாத்திப் போட்டு ஆடுறாங்க. சொந்தமா ஒண்ணு வாங்கித் தரலாம்னு இருக்கேன். பெங்களூர்ல இருக்கிற மச்சான், அவர் பையனோட பழைய பேஸ்பால் கிளவுஸைத் தர்றேன்றார். 11.25 இன்ச், நல்ல தோல், கைக்கு நல்லா வளையுது. ஆன்லைன்ல 12 இன்ச் சாப்ட்பால் கிளவுஸ் புதுசு ஒண்ணு பார்த்து வச்சிருக்கேன். தோல்தான், ஆனா ரொம்ப விறைப்பா இருக்குன்னு வாங்கினவங்க எழுதியிருக்காங்க. எதை எடுக்கலாம்? புதுசு வாங்கினா எப்படிப் பழக்கணும்? தேங்காய் எண்ணெய் தடவி வெயில்ல வைக்கச் சொல்லி பக்கத்து வீட்டுல சொல்றாங்க.

பாலக்கோடு பி.இ.டி.:
எண்ணெயும் வேண்டாம், வெயிலும் வேண்டாம். அதைப் பிறகு சொல்கிறேன். முதலில் அளவு.

12 இன்ச் வாங்குங்கள். சாப்ட்பால் பந்தின் சுற்றளவு 12 இன்ச், பேஸ்பாலுக்கு 9 முதல் 9.25 வரைதான். விட்டத்தில் பார்த்தால் இது சுமார் 9.7 செ.மீ., அது 7.4 செ.மீ. உங்கள் மச்சான் தரும் கிளவுஸின் பாக்கெட் (பந்து அடங்கும் குழி) அந்தச் சின்னப் பந்துக்காக வெட்டித் தைத்தது, இத்தனை நாளும் அதற்கே பழகியது. சாப்ட்பால் அதற்குள் முழுதாக இறங்காது, விரல் விளிம்பில் நின்றுவிட்டு வெளியே துள்ளும். பிள்ளை "என் கைதான் சரியில்லை" என்று நினைத்துக்கொள்வாள்.

இன்னொன்று நம் மைதானம். தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் பள்ளி மைதானம் என்றால் செம்மண்ணும் சரளையும்தான். தரையோடு நேராக வரும் பந்து (கிரவுண்ட் பால்) கடைசி அடியில் ஒரு கல்லில் பட்டு நெஞ்சுக்கு ஏறும். அந்த நேரத்தில் கூடுதல் முக்கால் இன்ச் தோல்தான் அவள் முகத்தைக் காப்பாற்றும்.

ஓசூர் ஷார்ட் ஸ்டாப்:
சார் சொன்ன பந்துக் கணக்கு சரி. ஆனா அதை வச்சு 12ன்னு முடிவு பண்றதை நான் ஒத்துக்க மாட்டேன். நான் பல்கலைக்கழக டீம் வரைக்கும் இதே பொசிஷன்ல ஆடினவ.

சாப்ட்பால்ல பேஸுக்கு பேஸ் 60 அடிதான், பேஸ்பால்ல 90. இடது கைக்காரப் பொண்ணு ஓடிக்கிட்டே பந்தைத் தட்டிவிட்டா (ஸ்லாப்) மூணு வினாடிக்குள்ள ஃபர்ஸ்ட் பேஸ்ல நிப்பா. ஷார்ட் ஸ்டாப்புக்குப் பந்தைப் பிடிக்கிறது பாதி வேலை. உள்ள போன பந்தை எறியிற கை தேடாம எடுக்கணும். பாக்கெட் ஆழமா இருந்தா அங்கதான் நேரம் போகுது.

2021ல நடந்த டோக்கியோ ஒலிம்பிக்ஸ் ஃபைனல் பாருங்க. ஆறாவது இன்னிங்ஸ்ல அமெரிக்காக்காரங்க தரையில படாம நேரா அடிச்ச பந்து (லைன் டிரைவ்), ஜப்பான் தேர்ட் பேஸ் ஆளோட கையில பட்டுத் தெறிச்சுது. ஷார்ட் ஸ்டாப் மானா அட்சுமி அது தரையைத் தொடுறதுக்கு முன்னாடி பிடிச்சு, அப்படியே செகண்ட் பேஸுக்கு எறிஞ்சு டபுள் பிளே, ஒரே பந்துல ரெண்டு பேர் அவுட். ஜப்பான் 2-0ன்னு ஜெயிச்சுது. அந்த எறிதல்ல அரை நொடி தாமதம் ஆகியிருந்தா பேஸை விட்டு ஓடின ரன்னர் திரும்பி வந்திருப்பா.

அண்ணா, 11.25 வேண்டாம், அது மட்டும் சார் சொல்றது சரி. 11.5, இல்ல 11.75ல சாப்ட்பாலுக்குன்னே செஞ்சதா தேடுங்க.

பாலக்கோடு பி.இ.டி.:
அம்மா, நீங்கள் சொன்ன அதே ஆட்டத்தை நானும் எடுத்துக்கொள்கிறேன். தெறித்து வந்த பந்து எந்தப் பக்கம் வரும் என்று அட்சுமிக்கு முன்கூட்டியே தெரியாது. முதலில் அது கிளவுஸில் தங்கியது, அதனால்தான் எறிய முடிந்தது. தங்காத பந்தை வேகமாக எடுக்க யாராலும் முடியாது.

பல்கலைக்கழக ஆட்டக்காரி 11.5 போடலாம். ஒவ்வொரு பந்தையும் ஒரே இடத்தில் வாங்கும் பழக்கம் உங்களுக்கு வந்துவிட்டது. பத்தாம் வகுப்புப் பிள்ளைக்கு அது இனிமேல்தான் வரவேண்டும்.

ஓசூர் ஷார்ட் ஸ்டாப்:
பெரிய கிளவுஸ் போட்டா அந்தப் பழக்கம் வரவே வராது சார், அதுதான் என் கவலையே. பந்து எங்க பட்டாலும் நின்னுடும், கால் நகராது. கிட்ல இருந்த பெரிய கிளவுஸ்ல ஆடிப் பழகி, ஒத்தைக் கையை நீட்டியே பிடிச்சுக்கிட்டு இருந்த பிள்ளைங்களை நிறையப் பார்த்திருக்கேன். சின்ன கிளவுஸ் ரெண்டு கையாலயும் பிடிக்க வைக்கும்.

தொப்பூர் கேட்சர்:
ரெண்டு பேரும் தோலைப் பத்தியே பேசுறீங்க. நாங்க ரெக்சின் கிளவுஸ்லதான் மாவட்டப் போட்டி வரைக்கும் ஆடினோம். ஜலந்தர், மீரட் பக்கம் செய்யிறது, விலை கட்டுப்படியாகும், மொத நாளே வளையும். பத்தாவது முடிச்சதும் எத்தனை பிள்ளைங்க தொடர்ந்து ஆடுறாங்க? வீட்டுல காசு இருந்தா ஷூ வாங்குங்க. வழுக்குற ஷூவோட ஷார்ட் ஸ்டாப் ஆடுறதுதான் பெரிய ஆபத்து.

பாலக்கோடு பி.இ.டி.:
ஷூ விஷயத்தில் முழுக்க ஒத்துப்போகிறேன். ரெக்சின் விஷயத்தில் இல்லை. மொத நாள் வளைவது உண்மை, ஆனால் எந்த வடிவமும் அதில் நிலைப்பதில்லை. மேல் பூச்சு உரிந்த பிறகு உள்ளே துணிதான். ஆனால் ஒன்று: இந்தப் பிள்ளைகள் தொடர மாட்டார்கள் என்று முன்கூட்டியே நாம் முடிவு செய்யக் கூடாது. சொந்தக் கையில் பழகிய கிளவுஸ் இருப்பதே தொடர்ந்து ஆட ஒரு காரணமாகலாம்.

மத்தூர் அப்பா:
ரொம்ப நன்றி. ஷூ நல்லதாவே இருக்கு. பழக்குற விஷயத்தையும் சொல்லுங்க.

ஓசூர் ஷார்ட் ஸ்டாப்:
வெந்நீர். ஜப்பான்ல கிளவுஸ் விக்கிற கடையிலயே வெந்நீர்ல நனைச்சுப் பிசைஞ்சு, வடிவம் பண்ணிக் கொடுக்கிறாங்க, அது அங்க ஒரு தனிக் கைவேலை. வில்சன் கம்பெனிக்கு கிளவுஸ் வடிவமைச்ச ஷிகேஆகி ஆசோவும் வெந்நீர் ஊத்தி, மரச்சுத்தியால தட்டி, கையால மடிச்சுத்தான் பழக்குவார். ஈரமா இருக்கும்போதே கட்டைவிரல் பக்க மடிப்பையும் சுண்டுவிரல் பக்க மடிப்பையும் நாம நினைச்ச இடத்துல உடைச்சுடலாம். அப்புறம் நிழல்ல காய வச்சு, லேசா தோலுக்கான கண்டிஷனர். ஒரு வாரத்துல ஆட்டத்துக்குத் தயார். அடுத்த மாசம் போட்டி வச்சிருக்கிற பிள்ளை, தானா பழகட்டும்னு எத்தனை நாள் காத்திருக்கும்?

பர்கூர் தோல்காரர்:
சாப்ட்பால் எனக்குத் தெரியாதுங்க. வாணியம்பாடியில தோல் பதனிடுற இடத்துல வேலை பார்க்கிறேன். வெந்நீர்னு பார்த்ததும் எழுதாம இருக்க முடியல.

தோல்ல ரெண்டு வகை. குரோம் (குரோமிய உப்பு) போட்டுப் பதனிட்டது ஒண்ணு, மரப்பட்டை போட்டது ஒண்ணு. நம்ம பக்கம் காலங்காலமா ஆவாரம் பட்டையும் கடுக்காயும் போட்டுத்தான் பதனிட்டாங்க. நல்லாப் பதனிட்ட குரோம் தோல் ஈரத்தோட இருக்கும்போது கொதிக்கிற தண்ணியையும் தாங்கும். பட்டைத் தோல் அப்படி இல்ல, 75லேருந்து 85 டிகிரிக்குள்ள சுருங்கிடும். சுருங்கினா சுருங்கினதுதான், எந்த எண்ணெய் போட்டாலும் திரும்பி வராது. அந்தம்மா சொல்ற ஜப்பான் ஆளுங்களுக்குத் தங்கள் தோல் என்ன தோல்னு தெரியும். ஆன்லைன்ல வாங்கினதுக்கு யார் சொல்லுவாங்க? அடுப்புல கொதிச்ச தண்ணியை அப்படியே ஊத்துறது வேண்டாம். கை பொறுக்கிற சூடுன்னா பயமில்ல.

எண்ணெய் பத்தியும் சொல்லிடறேன். பதனிடும்போதே நாங்க தோலுக்குள்ள எண்ணெய் ஏத்திடுவோம். புது கிளவுஸ் விறைப்பா இருக்கிறது எண்ணெய் இல்லாததால இல்ல, நார் இன்னும் அசைஞ்சு கொடுக்காததால. அது மேல தேங்காய் எண்ணெயைக் கொட்டினா கனம் ஏறும், தொய்யும், கொஞ்ச நாள்ல சிக்கு வாடை வரும். மார்கழிக் குளிர்ல தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் அது உறைஞ்சும் போகும். கிரிக்கெட் மட்டைக்குப் போடுற ஆளிவிதை எண்ணெயை மட்டும் தொடவே தொடாதீங்க. அது காத்துல காய்ஞ்சு கெட்டியாகுற எண்ணெய், மரத்துக்குச் சரி, தோலை வெடிக்க வைக்கும். வெயிலும் அப்படித்தான். தோலுக்குள்ள எப்பவும் கொஞ்சம் ஈரம் நிக்கணும், சித்திரை வெயில் அதை உறிஞ்சிடும்.

ஓசூர் ஷார்ட் ஸ்டாப்:
நன்றி அண்ணே, இதை இவ்வளவு தெளிவா யாரும் எனக்குச் சொன்னதில்ல. குரோம் தோலான்னு வீட்டுல கண்டுபிடிக்க வழி இருக்கா?

பர்கூர் தோல்காரர்:
கிளவுஸைக் கட்டியிருக்கிற தோல் நாடா (லேஸ்) முனையைக் கொஞ்சம் சீவிப் பாருங்க. நடுவுல நீலம் கலந்த சாம்பல் தெரிஞ்சா குரோம். சாயம் உள்வரைக்கும் இறங்கியிருந்தா தெரியாது.

பாலக்கோடு பி.இ.டி.:
லேஸ் ஒரு தோலாகவும் கிளவுஸ் இன்னொரு தோலாகவும் இருக்கலாமே ஐயா? விலை குறைந்தவற்றில் உள்ளங்கை மட்டும் தோல், பின்புறம் ரெக்சின் என்றும் வருகிறது. பசை விட்டால் வெந்நீர் மொத்தத்தையும் கெடுத்துவிடும்.

பர்கூர் தோல்காரர்:
இருக்கலாம் சார், உண்மைதான். அப்படிக் கலந்து தைச்சதை நனைக்காம இருக்கிறது நல்லது.

பாலக்கோடு பி.இ.டி.:
அதனால்தான் என் வழி பந்து மட்டும். தினமும் மாலை அவள் கையில் மாட்டி, ஆட்டத்துக்குப் போடும் அதே 12 இன்ச் பந்தால் கிட்ட நின்று எறிந்து பிடிக்க வையுங்கள், தூரத்தை மெதுவாகக் கூட்டுங்கள். ஆள் இல்லாத நேரம் சுவரில் அடித்துப் பிடிக்கட்டும். இரவில் பாக்கெட்டில் பந்தை வைத்துக் கயிற்றால் தளர்வாகக் கட்டி வைக்கலாம். கட்டிலுக்கு அடியில் போட்டு நசுக்க வேண்டாம், கிளவுஸ் நடுவில் தட்டையாக மடிந்துவிடும். எறிந்து பிடித்துப் பழகினால் எந்த இடத்தில் மடிய வேண்டும் என்று அவள் கையே தீர்மானிக்கும். வெந்நீரில் அதைத் தீர்மானிப்பது மற்றவர் கை.

ஓசூர் ஷார்ட் ஸ்டாப்:
அவளோட கையை உள்ள விட்டுக்கிட்டே மடிச்சா அவ கைதான் தீர்மானிக்கும் சார். நான் கடைக்காரர்கிட்ட கொடுக்கச் சொல்லல. விறைச்ச கிளவுஸை மூட முடியாத பிள்ளை கட்டைவிரலையும் சுண்டுவிரலையும் சேர்க்கப் பாடுபட்டு, கடைசியில நடுவுலதான் மடிப்பா. நீங்க பயப்படுற தட்டை மடிப்பு அப்படித்தான் வருது. கட்டைவிரல் பக்கம் நடுவிரலை நோக்கி மூடணும். அந்த மடிப்பை மொதல்லயே கையால உடைச்சுக் கொடுத்துட்டு, அப்புறம் நீங்க சொல்ற மாதிரி எறிஞ்சு பிடிக்கட்டும். பட்டைத் தோல்னு சந்தேகம் இருந்தா வெந்நீரை விட்டுடுங்க, மரச்சுத்தியால பாக்கெட்ல தட்டினா போதும். முன்னேற்பாடு எதுவுமே வேண்டாங்கிறதை மட்டும் நான் ஏத்துக்க மாட்டேன்.

பாலக்கோடு பி.இ.டி.:
மரச்சுத்தியலில் எனக்கு ஆட்சேபம் இல்லை. அளவில் மாறமாட்டேன்.

தொப்பூர் கேட்சர்:
அண்ணா, ஆன்லைன்ல ஆர்டர் போடும்போது ஒண்ணு கவனிங்க. வலது கையால எறியிறவங்களுக்கு கிளவுஸ் இடது கைக்கு. அதுல "வலது"ன்னு போட்டிருந்தா பெரும்பாலும் எறியிற கையைத்தான் சொல்லுது.

மத்தூர் அப்பா:
நேத்து மச்சான் வீட்டு கிளவுஸைக் கொண்டுவந்து போட்டுப் பார்த்தா. மணிக்கட்டுப் பக்கம் ரொம்ப லூசா இருக்கு, கையை ஆட்டினா கழண்டு வருது. பந்து பாதிதான் உள்ள போகுது. அதனால அது இல்லை. 12ம் 11.75ம் ரெண்டும் ஒரே விலைதான் காட்டுது. 11.75 எடுக்கலாம்னு அவளே சொல்றா, கை சின்னதுங்கிறா.

ஓசூர் ஷார்ட் ஸ்டாப்:
பொண்ணுங்களுக்கான ஃபாஸ்ட் பிட்ச் (வேகமா பந்து எறியிற சாப்ட்பால் வகை) கிளவுஸ்ல மணிக்கட்டுத் திறப்பும் விரல் கூடும் குறுகலா இருக்கும். அந்த வகையான்னு பார்த்து வாங்குங்க. 11.75 எடுங்க, அவ சொல்றதுதான் சரி.

பாலக்கோடு பி.இ.டி.:
அளவு என்பது ஆள்காட்டி விரல் நுனியிலிருந்து பாக்கெட் வழியாக அடிப்பகுதி வரை டேப் வைத்து அளப்பது. கால் இன்ச் வித்தியாசம் கைக்குள் தெரியாது, பந்து எட்டும் இடத்தில்தான் தெரியும். கை சின்னது என்றால் கவனிக்க வேண்டியது மணிக்கட்டுப் பட்டை, நீளம் இல்லை. என் ஓட்டு இன்னும் 12க்கே. ஆனால் ஆடப்போவது அவள். அவள் கேட்டதையே வாங்கிக் கொடுங்கள், அடுத்த வாரம் முதல் தினமும் எறிந்து கொடுக்க நீங்களும் மைதானத்துக்குப் போங்கள்.

பர்கூர் தோல்காரர்:
வந்ததும் லேஸ் முனையைச் சீவி ஒரு படம் போடுங்க, பார்த்துச் சொல்றேன். அதுக்கு முன்னாடி தண்ணி காட்டாதீங்க.