கர்ப்பப்பை எடுத்து 12 நாள், தண்ணீர் போலக் கசிகிறது. பொறுத்துப் பார்க்கலாமா?

கேள்வி:
வயது 46. ஃபைப்ராய்டு கட்டிக்காக லேப்ராஸ்கோப்பியில் (சிறு துளைகள் வழியாகச் செய்யும் ஆபரேஷன்) கர்ப்பப்பையை எடுத்தார்கள். சினைப்பைகளை எடுக்கவில்லை. முதல் மூன்று நாள் தோள்பட்டை வலி உயிரை எடுத்தது. வயிற்றில் ஏற்றிய வாயுவால் வருவது என்றார்கள், அது போய்விட்டது. ஆனால் நேற்றிலிருந்து பிறப்புறுப்பு வழியாகத் தண்ணீராகக் கசிகிறது. இரண்டு மணி நேரத்தில் நாப்கின் நனைந்துவிடுகிறது. சிறுநீர் வழக்கம் போலத்தான் போகிறது. வெள்ளைப்படுதலாக இருக்கும் என்கிறார்கள் வீட்டில்.

பதில் 1:
அக்கா, பொறுக்க வேண்டாம், இன்றைக்கே போங்கள். எனக்கு 10வது நாள் இதேதான். நாப்கினை முகர்ந்து பார்த்தேன், சிறுநீர் வாடை.

கர்ப்பப்பைக்கு வரும் ரத்தக்குழாய்க்கு அடியிலேயே, சிறுநீரகத்திலிருந்து சிறுநீர்ப்பைக்கு வரும் சிறுநீர்க்குழாய் போகிறது. ரத்தம் நிற்க வைக்கும் சூடு அதில் பட்டுவிட்டால் அன்றைக்குத் தெரியாது. பட்ட இடம் மெல்லக் கெட்டு, ஒரு வாரம் பத்து நாள் கழித்து ஓட்டை விழும். இன்னொரு சிறுநீரகத்திலிருந்து வருவது பைக்குப் போய்க்கொண்டுதானே இருக்கும், அதனால் சிறுநீரும் கழிப்போம். நான் ஏமாந்தது அதில்தான். நான்கு நாளை வீணாக்கினேன்.

எனக்குச் சிறுநீர்ப்பையில் நீல மருந்தை ஏற்றி, பிறப்புறுப்புக்குள் பஞ்சு வைத்துப் பார்த்தார்கள். பஞ்சு நனைந்திருந்தது, ஆனால் துளி நீலம் இல்லை. பை நன்றாக இருக்கிறது, ஓட்டை குழாயில் என்று அப்போதுதான் புரிந்தது. கசிந்த நீரில் கிரியாட்டினினும் (சிறுநீரில் போகும் கழிவுப்பொருள்) பார்த்தார்கள், ரத்தத்தில் இருப்பதைவிடப் பல மடங்கு. அப்புறம் சி.டி. யூரோகிராம், அதாவது சிறுநீர் போகும் பாதையைக் காட்டும் ஸ்கேன். சிறுநீர்க்குழாய்க்குள் டி.ஜே. ஸ்டென்ட் என்ற மெல்லிய குழலை வைத்து ஆறு வாரம் விட்டார்கள், ஆறிவிட்டது. எல்லோருக்கும் ஸ்டென்ட்டோடு முடிவதில்லை. சிலருக்குக் குழாயைப் பையோடு மறுபடி இணைக்க வேண்டி வரும். ஆபரேஷன் செய்த டாக்டரிடமே போனாலும், யூராலஜிஸ்ட்டும் (சிறுநீரக, சிறுநீர்ப்பாதை டாக்டர்) பார்க்க வேண்டும் என்று கேட்டு வாங்குங்கள்.

பதில் 2:
காய்ச்சல், விலாப்பக்க வலி, வயிறு உப்பி வாந்தி, காலில் வீக்கம் இவற்றில் ஒன்று இருந்தாலும் நேரே எமர்ஜென்சிக்கே போங்கள். என் அம்மாவுக்கு இதே ஆபரேஷன் முடிந்து 9வது வாரத்தில் உள்தையல் பிரிந்தது. மாவு வாளியைத் தூக்கினார், அவ்வளவுதான். கனம் தூக்கவே தூக்காதீர்கள்.

கேள்வி கேட்டவர்:
இடது விலாவில் நேற்றிலிருந்து ஒரு மந்தமான வலி இருக்கிறது, எழுத விட்டுவிட்டேன். டிஸ்சார்ஜ் சம்மரியும் நனைந்த நாப்கினும் பையில் வைத்தாகிவிட்டது. கிளம்புகிறோம்.