புதுப்பிப்பு: ஊரில் கறி ஆடுகளுக்கு வைக்கோல் போதுமா?

அறந்தாங்கிப் பக்கம் தம்பி வளர்க்கும் 18 கறி ஆடுகளுக்கு வைக்கோல் மட்டும் போதுமா என்று போன மாதம் கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லாருக்கும் நன்றி.

வைக்கோலில் புரதம் 3, 4 சதவீதம்தான் என்றீர்கள். சரி என்று கடலைக்கொடி வாங்கினோம். ஞாயிற்றுக்கிழமை சிங்கப்பூர் துவாஸ் விடுதியிலிருந்து வீடியோ காலில் பார்த்தால், இலையைப் பொறுக்கித் தின்றுவிட்டுத் தண்டை மிதித்துக்கொண்டிருக்கின்றன. “பாதி வீணாப் போகுதுண்ணே” என்றான் தம்பி. கட்டாகக் கட்டித் தலை உயரத்துக்குத் தொங்கவிடச் சொன்னேன். இப்போது கீழே சிந்துவது ஒரு கைப்பிடிதான். நிமிர்ந்து தழை கடிக்கிற பிராணிக்குத் தரையில் கொட்டியது நம் தப்பு.

வேலியோரச் சூபாபுல் மரத்துத் தழையை ஆசையாகத் தின்கின்றன. ஆனால் அதில் மைமோசின் என்ற நச்சுப்பொருள் இருப்பதால் பசுந்தீவனத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டுவதில்லை.

அப்புறம், தீவனச் சோளம் முழங்கால் உயரம் வந்திருக்கிறது. அறுக்கக் கை பரபரக்கிறதாம். இளஞ்சோளத்தில் சயனைடு நஞ்சு இருக்கும், பூக்கும் வரை அரிவாளை எடுக்காதே என்று இரண்டு முறை சொல்லிவிட்டேன். வேலிமசால் என்ற தீவனப் பயிரை விதைப்பது அடுத்த மழைக்குத்தான்.