ஆன்டிபாடி டி செல்லைப் பிடித்ததை நேரில் பார்த்தவர்கள் சொல்லுங்கள்

ஆய்வக மாணவி:
டி செல் (நோய் எதிர்ப்பு வெள்ளணு) வளர்ப்பில் ஓகேடி3 போட்டேன், அது டி செல்லின் மேலிருக்கும் சிடி3 என்ற ரிசெப்டரைப் பிடிக்கும் ஆன்டிபாடி. மறுநாள் ஃப்ளோவில் (சாயம் ஒட்டிய செல்களை ஒவ்வொன்றாக அளக்கும் கருவி) சிடி3 பார்த்தால் ஒன்றுமே இல்லை. நேற்று வலது ஓரத்தில் நின்ற மேடு, இன்று சாயமே போடாத செல்களோடு போய் ஒட்டிக்கொண்டது. சாயம் கெட்டுவிட்டது என்று புதுக் குப்பி வாங்கவைத்தேன், அதிலும் அப்படியே. ஆன்டிபாடி பிடித்ததும் செல் அந்த ரிசெப்டரை உள்ளே இழுத்துக்கொள்ளும் என்பது அப்புறம்தான் புரிந்தது.

முன்னாள் வார்டு நர்ஸ்:
அதே ஓகேடி3-ஐ நான் நோயாளிக்கே போட்டிருக்கிறேன். 1990கள், சிறுநீரக மாற்று வார்டு, புதுச் சிறுநீரகத்தை உடல் நிராகரிப்பதைத் தடுக்க. 5 மில்லிகிராம், ஒரு நிமிடத்துக்குள் ஐவி. முன்னாலேயே ஸ்டீராய்டு கொடுத்தாயிற்று, எக்ஸ்-ரேயில் நுரையீரலும் சுத்தம். முக்கால் மணி நேரத்தில் அந்தப் பையனுக்குக் குளிர் வந்தது. மூன்று கம்பளி போர்த்தியும் கட்டில் கம்பி கடகடவென்று அடித்தது. "அக்கா, பிடிச்சுக்கோங்க" என்றான். அடுத்தடுத்த டோஸ்களில் அவ்வளவு இல்லை. அந்தச் சத்தம் மட்டும் இன்னும் காதில் இருக்கிறது.

சிடி28 பழைய ஆள்:
முதல் பதிவுக்கு ஒரு திருத்தம். உள்ளே இழுத்தது பாதிக் காரணம்தான். சாயம் கட்டிய ஆன்டிபாடியும் அதே ஓகேடி3 வகை (க்ளோன்) என்றால், மிச்சமிருக்கும் இடமும் ஏற்கனவே அடைபட்டிருக்கும். யூசிஹெச்டி1 என்ற இன்னொரு சிடி3 ஆன்டிபாடிக்கு மாறினாலும் அதே இடத்துக்குத்தான் போட்டி. செல்லின் மேலிருக்கும் வேறு அடையாளங்களான சிடி2 அல்லது சிடி5 வைத்து டி செல்லை அடையாளம் காணுங்கள். ஆன்டிபாடியைக் கரைசலில் விடுவதையும் தட்டில் ஒட்டிவைப்பதையும் ஒன்றாக நினைக்காதீர்கள். 2006 மார்ச் 13, லண்டனில் ஒரு மருந்துச் சோதனையில் டிஜிஎன்1412 (டி செல்லைத் தூண்டும் சிடி28 ரிசெப்டரைப் பிடிக்கும் ஆன்டிபாடி) பெற்ற ஆறு பேரும் தீவிர சிகிச்சைக்குப் போனார்கள். குரங்குகள் தாங்கிய அளவில் 500-இல் ஒரு பங்குதான் அது. அந்தக் குரங்கின் நினைவு டி செல்களில் (பழைய கிருமியை நினைவில் வைப்பவை) ஒரு முக்கிய வகையில் சிடி28 இல்லை, நம்முடையவற்றில் உண்டு. குழாயில் கரைசலாக விட்டபோது அமைதியாக இருந்த மருந்து, தட்டில் உலர்த்தி ஒட்டியதும் டி செல்களைச் சைட்டோகைன்களை (அழற்சியைத் தூண்டும் புரதங்கள்) கொட்டவைத்தது. ஆகவே இரண்டு விதமாகவும் செய்து பாருங்கள். செய்தி வந்த அன்று நான் பிப்பெட்டையே தொடவில்லை. ஆறு பேரும் பிழைத்தார்கள்.

ஒரு அப்பா:
கரைசல், தட்டு எல்லாம் இருக்கட்டும் சார். என் மகளுக்கு ரத்தப் புற்று, ப்ளினாடுமோமாப், 28 நாள் விடாத ட்ரிப். ஒரு கை டி செல்லின் சிடி3-ஐயும் மறு கை புற்று செல்லின் சிடி19-ஐயும் பிடிக்கும் என்று டாக்டர் விரல்களைக் கோத்துக் காட்டினார். நரம்பைப் பாதிக்கிறதா என்று பார்க்க தினமும் ஒரே வரியை எழுதச் சொன்னார்கள். அவள் 'வாழைப்பழம் பிடிக்கும்' என்று எழுதுவாள். மூன்றாம் நாள் அந்த இரண்டு ழ-வும் சுழிக்க வரவில்லை, கோடு கோடாகக் கிழித்திருந்தாள். நர்ஸ் நோட்டைப் பார்த்ததும் டாக்டரைக் கூப்பிட்டார். ட்ரிப்பை நிறுத்தி டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு கொடுத்தார்கள். சில நாள் கழித்துக் குறைந்த அளவில் மறுபடி தொடங்கினார்கள். ஒன்பதாம் நாள் பக்கத்தில் ழ ஒழுங்காகச் சுழிந்திருக்கிறது.